இரண்டு போம்களும் ஒரு பித்தப்பையும்

1

நவம்பர் மாதத்து இலண்டனில் பகல் என்பது ஒரு வதந்தி. விளக்குப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோம், விளக்குப் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறோம். நடுவில் வெயில் வந்து போனதாகச் சிலர் சொல்லுவார்கள். நான் கண்டதில்லை. அந்த மங்கலுக்குள், வருசம் தவறாமல், ஸ்ட்ரெதம் கந்தோரில் என் மேசைக்கு ஒரு வெண்மஞ்சள் கடித உறை வந்து சேரும். இந்த வருசமும் வந்துவிட்டது. அதைத் திறக்காமல் தேத்தண்ணிக் கோப்பையின் கீழே வைத்துவிட்டு, போன வருசத்து உறையின் கதையை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இங்கே ஆசுப்பத்திரி இலவசம். ஊரில் போத்தலோடு வரிசையில் நின்றால் அன்றைக்கே சிவப்பு மருந்து வார்த்துத் தந்துவிடுவார்கள். இங்கே போத்தலும் தேவையில்லை, வரிசையில் நிற்கவும் தேவையில்லை. வீட்டில் இருந்தபடியே காத்திருக்கலாம், மாதக் கணக்கில். அந்தக் காத்திருப்பைத் தாண்டிப் போவதற்குத்தான் எங்கள் கம்பனி ஒரு காப்புறுதித் திட்டம் வைத்திருக்கிறது. அதில் சேர்ந்தால் தனியார் ஆசுப்பத்திரி, தனி அறை, சன்னலில் பூச்சாடி. மனைவி பிள்ளைகளையும் சேர்க்கலாம். அதற்கான விண்ணப்பப் போம்தான் அந்த உறைக்குள் இருக்கும். ஆனால் சேருவதற்கு நவம்பரில் இரண்டு கிழமைகள்தான் கதவு திறந்திருக்கும். கடைசி வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குப் பூட்டினால் அடுத்த நவம்பர் வரும் மட்டும் திறவாது.

முதல் வருசம் அந்த உறையைக் கண்டபோது என்னை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். திறந்து பார்க்கத் துணிவில்லாமல் மேசை லாச்சியை ஒதுக்கி, ஊறுகாய்ப் போத்தலையும் குடையையும் பையில் வைத்து, எல்லோருக்கும் கைகொடுத்து நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன். ஆளணிப் பிரிவில் இருக்கும் வென்டி என்ற பெண்தான் படியில் மறித்து, உறையைப் பிரித்து வாசித்துக் காட்டினாள். வேலை போகவில்லை என்ற சந்தோசத்தில் போமை நிரப்ப மறந்துவிட்டேன். இரண்டாம் வருசம் அதை மிகவும் பத்திரமான இடத்தில் வைத்தேன். எவ்வளவு பத்திரம் என்றால், கதவு பூட்டி ஐந்து மாதம் கழித்துத்தான் எனக்கே அகப்பட்டது.

மூன்றாம் வருசம் உறைக்குள் ஒரு வர்ணத் துண்டுப்பிரசுரமும் இருந்தது. புல்வெளியில் ஒரு குடும்பம்: தகப்பன், தாய், மகன், மகள், நாய். ஐந்து பேருக்கும் நல்ல பல். பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்ணாடியெல்லாம் மூச்சு ஆவி படிந்திருந்தது. வெளியே தெருவிளக்குகள் மஞ்சள் மஞ்சளாகக் கரைந்து ஓடின. கொஞ்ச நேரத்தில் நானும் அந்தப் புல்லுக்குள் இறங்கிவிட்டேன். புல் காய்ந்திருந்தது. ஒருவரும் என்னை எங்கிருந்து வந்தாய் என்று கேட்கவில்லை. நாய் மட்டும் வந்து முகர்ந்தது. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று தரிப்பு போய்விட்டேன்.

2

என் மனைவி யோகத்துக்குப் பருப்பு வடை என்றால் உயிர். வெள்ளிக்கிழமைகளில் டூட்டிங் கடையில் ஆறு வடை வாங்குவேன். எனக்கு இரண்டு, அவளுக்கு மூன்று, மகள் தர்சிக்கு ஒன்று. தர்சி தன்னுடையதைப் பாதி கடித்துவிட்டு வைத்துவிடுவாள், அதுவும் யோகத்துக்குத்தான் சேரும்.

அந்த வருசம் ஓகஸ்டில் யோகம் தன் பங்கை என் தட்டுக்குத் தள்ளத் தொடங்கினாள். பசியில்லை என்றாள். ஒரு மனுசி பதினேழு வருசமாகக் கொடுக்காத வடையைக் கொடுத்தால் ஏன் என்று கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை, சாப்பிட்டேன். மூன்று மாதமாக வெள்ளிக்கிழமைகளில் ஐந்து வடை சாப்பிட்டு, எனக்குத்தான் ஏதோ வருத்தம் வரப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தேன்.

மனோர் பார்க் முருகன் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் கண்டேன். எல்லோரும் கையைத் தலைக்கு மேல் கூப்பியபோது அவள் ஒரு கையைத்தான் தூக்கினாள். மற்றக் கை வலப்பக்க விலாவுக்குக் கீழே சேலையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன். வாய்வு என்றாள். டொக்டரிடம் போவோம் என்றேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"முதல் அந்தப் போமைக் குடுங்கோ. டொக்டரின்ரை பைலிலை ஏறிச்சுதெண்டால் பிறகு காப்புறுதிக்காரர் பாக்க மாட்டினமாம்."

அவள் ஒரு சலவைக் கடையில் அயன் பண்ணுகிறாள். கூட வேலை செய்யும் ஒரு பெண் இதே போன்ற வயிற்று நோவோடு பதினைந்து மாதம் இலவச ஒப்பரேசனுக்குக் காத்திருந்தாளாம். அந்தக் கதையை அயன் மேசையில் நின்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் யோகம். நோவை எழுத்தில் ஏறவிடாமல், உறை வரும் மட்டும் வைத்திருப்பது என்று தனக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

அவளுக்கு அது புதிதில்லை. நான்கு பெண்பிள்ளைகள் இருந்த வீட்டில் வளர்ந்தவள். சம்பந்தம் குழம்பிவிடும் என்று இருமலைக்கூடத் தலையணைக்குள் இருமிப் பழகியவர்கள். நோவை மறைப்பதில் அவள் படித்தவள். நான்கூட, கலியாணமாகி இரண்டு வருசம் கழித்துத்தான் அவளுக்குத் தலையிடி வருவதுண்டு என்று அறிந்தேன்.

உடனே கூட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும். நான் சரி என்றேன். பகிடி விட்டே பிழைக்கிறவன் நான், ஆனால் அந்தச் 'சரி'யை வைத்து இன்றுவரை ஒரு பகிடியும் செய்ய முடியவில்லை.

3

டூட்டிங்கில் போம் நிரப்ப ஒரே ஒரு ஆள்தான். பரமசிவம் அண்ணை. ஊரில் தபாலதிபர். இங்கே சனிக்கிழமை காலைகளில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில், அரிசிச் சாக்குகளுக்கு நடுவில் கதிரை போட்டிருப்பார். எங்கள் சனத்தில் பாதிப் பேர் இந்த நாட்டில் நிற்பது அவருடைய பெரிய எழுத்துகளில்தான். கைம்மாறாக ஒன்றும் வாங்கமாட்டார். தேத்தண்ணி மட்டும் ஆறாமல் வரவேண்டும்.

எண்பத்தாறில் நான் வந்திறங்கியபோது என் அகதி விண்ணப்பத்தை நிரப்பியவரும் அவர்தான். இடது தோளில், யுத்தத்தில் வெடித்த செல்துண்டு பட்ட தழும்பு எனக்கு இருக்கிறது. அதைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணை பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இந்த நாட்டிலை போம் எண்டது தேவாரம் மாதிரி. இடையிலை விட்டால் பலன் இல்லை. முழுக்கச் சொல்லு. ஒண்டையும் விடாதை."

அன்றிலிருந்து அதுதான் என் வேதம். நகரசபை கொடுக்கும் கவுன்சில் வீட்டுக்கு எழுதியபோது சுவரின் ஈரத்தையும் தர்சியின் மூச்சு இழுப்பையும் எழுதினோம், வீடு கிடைத்தது. இந்த நாட்டில் கதவு திறக்கவேண்டுமென்றால் காயத்தைக் காட்டவேண்டும். எவ்வளவு பெரிய காயமோ அவ்வளவு பெரிய கதவு.

ஆகவே காப்புறுதிப் போமையும் அண்ணையிடமே கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, என்னிடமிருந்து வருத்தங்களைக் கறக்கத் தொடங்கினார். தோள். ஐஸில் சறுக்கிய முழங்கால். முதல் வருசத்து நித்திரையின்மை. நகரும் படியில் ஏறினால் வரும் தலைச்சுற்று. தர்சியின் இழுப்பு, அது எந்தச் சுவரால் வந்தது என்ற விபரத்தோடு. யோகம் என்று வந்ததும் நான் தயங்கினேன். அண்ணை தேத்தண்ணியை உறிஞ்சிவிட்டுக் காத்திருந்தார். அவர் காத்திருந்தால் எனக்குத் தாங்காது. மேல்வயிறு, வலப்பக்கம், ஓகஸ்ட் தொடக்கம், எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு, சில நாள் முதுகுக்கும் ஏறும்: எல்லாம் சொல்லிவிட்டேன். போமில் இடம் போதவில்லை. தனித்தாள் ஒன்று இணைத்து, 'பின்னால் பார்க்கவும்' என்று அடிக்கோடிட்டார்.

"இதுக்கு மேலை ஒரு குடும்பத்துக்கு வருத்தம் வர ஏலாது," என்று திருப்தியோடு மூடி என்னிடம் நீட்டினார். "கட்டாயம் எடுப்பாங்கள்."

நானும் வெற்றி வீரனைப் போல வீட்டுக்கு வந்தேன்.

4

தர்சிக்கு அப்போது பதினாறு வயது. வீட்டில் அவள் ஒரு வாடகைக்காரி மாதிரி. அறைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வரும், அதை வைத்து ஆள் இருக்கிறாள் என்று அறிந்துகொள்வோம். அவள் எங்களோடு உட்கார்ந்து பேசுவது ஏதாவது கடிதம் வாசிக்கவேண்டி வந்தால்தான். சில நாட்களில் புரிந்த கடிதத்தையும் புரியாதது போல அவளிடம் நீட்டுவேன்.

போமை வாங்கி வாசித்தாள். முதலில் கண்ணை விரித்தாள், பிறகு சிரித்தாள், தனித்தாளுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"அப்பா, இது கவுன்சில் இல்லை. இங்கே நீங்கள் எழுதுகிற ஒவ்வொன்றையும் கழித்துவிடுவார்கள். தோளைக் கழித்து, காலைக் கழித்து, என் நெஞ்சைக் கழித்து, கடைசியில் அம்மாவின் வயிற்றையும் கழித்து, மிச்சத்துக்குத்தான் காப்புறுதி."

மிச்சம் என்ன என்று எண்ணிப் பார்த்தேன். என்னிடம் இரண்டு காதும் தேறியது.

பிறகு அவள் தாயைப் பார்த்தாள். ஓகஸ்டிலிருந்தா, அம்மா, என்று கேட்டாள். யோகம் போமைப் பறித்துக்கொண்டு, அப்பாவுக்கு எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வது பழக்கம் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். தர்சி கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அறைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வரவில்லை.

5

திங்கட்கிழமை வென்டியிடம் போய், போம் ஒரு விபத்தில் சிக்கிவிட்டது என்று சொல்லி வேறொன்று வாங்கினேன். பரமசிவம் அண்ணையின் போமை எறிய மனம் வரவில்லை. ஆளுடைய உழைப்பு. மடித்து மேலங்கியின் உள்பையில் வைத்தேன்.

புதிய போமை நிரப்ப வியாழக்கிழமை வரை எடுத்தது. இருபத்திரண்டு கேள்விகள். எதிரே இரண்டு பெட்டிகள்: ஓம், இல்லை. எப்போதாவது காயப்பட்டதுண்டா? இல்லை என்று புள்ளடி போடப் பேனையை வைத்தேன். கை நகரவில்லை.

எட்டு வருசத்துக்கு முன்னே, இதே நகரத்தில், ஒரு மேசைக்கு முன்னால் நான் சேட்டைக் கழற்றிக்கொண்டு நின்றேன். குடிவரவு அதிகாரி தழும்பை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, இது எங்கேயாவது விழுந்து பட்டதாக இருக்கலாம்தானே என்றார். இல்லை ஐயா, இது செல்துண்டு பட்டதுதான் என்று மூன்று வருசமாகக் கடிதத்துக்குமேல் கடிதமாகச் சொன்னேன். இப்போது அதே கையால், ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதவேண்டும். துண்டுப்பிரசுரம் மேசையில் கிடந்தது. புல்வெளிக் குடும்பம் என்னைப் பார்த்துச் சிரித்தது. அவர்களுக்குத் தோளே இல்லை போல, பல்தான் இருந்தது. நானும் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, ஒன்றும் நடக்காத ஒரு மனிதனாக இருந்து பார்த்தேன். எடையே இல்லை. கதிரையிலிருந்து எழும்பி மிதந்துவிடுவேன் போல இருந்தது. அப்படியே மிதந்தபடி இல்லை, இல்லை, இல்லை என்று போட்டுக்கொண்டு போனேன்.

பத்தொன்பதாம் கேள்வியில் தரைதட்டியது. இன்னும் மருத்துவரிடம் காட்டாத நோவு ஏதாவது குடும்பத்தில் ஒருவருக்கு உண்டா?

யோகம் எனக்குப் பின்னால் நின்றாள். சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"இல்லை எண்டு போடுங்கோ," என்றாள்.

போட்டேன்.

6

வெள்ளிக்கிழமை காலை இறங்கி வந்தபோது யோகம் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சப்பாத்து. என்ன, சப்பாத்தோடு தியானமா என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை.

"குனிய ஏலாமல் கிடக்கு. நீங்கள் போங்கோ, பஸ்ஸை விட்டிடுவியள்."

நவம்பர் குளிரில் அவளுடைய நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. நான் முழங்காலில் இருந்து சப்பாத்தைக் கொளுவிவிட்டேன். குனிந்ததில் என் இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது, அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவளை எழுப்பித் தெருமுனை டொக்டரிடம் நடத்திக்கொண்டு போனேன். நாலு மணி ஆகும் மட்டும் பொறுக்கலாம் என்று வழியில் இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்ல மூச்சுப் போதவில்லை.

முன்பதிவு இல்லாதபடியால் கடைசியாகப் பார்ப்பதாகச் சொன்னார்கள். காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி. ஒரு மீன் வந்து கண்ணாடியில் வாயை வைத்துவிட்டுப் போகும், மறுபடி வரும். சுவரோரச் சூட்டுக்குழாயின் வெப்பம் காலிலிருந்து ஏறியது. எல்லோருமே தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தோன்றியது, இருமல்கூடத் தூரத்தில் கேட்டது. யோகம் என் பக்கம் சாயாமல் நேராக இருந்தாள். பதினொன்றரை. இப்போது புறப்பட்டாலும் கந்தோருக்குப் போய்ப் போமைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அவளும் அதையே நினைத்திருக்கவேண்டும், கண்ணால் வாசலைக் காட்டினாள். நான் மீனைப் பார்த்தேன்.

டொக்டர் வயதான அயர்லாந்துக்காரர். எப்போது தொடங்கியது என்று கேட்டார். யோகம் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, இரண்டு நாளாகத்தான் என்று தெளிவான ஆங்கிலத்தில் பொய் சொன்னாள்.

என் மேலங்கியில் இரண்டு போம்கள் இருந்தன. வெளிப் பையில் இருபத்திரண்டு 'இல்லை'கள். உள்பையில் பரமசிவம் அண்ணை. இதை டொக்டர் வாசித்தால் எழுத்தில் ஏறிவிடும். எழுத்தில் ஏறினால் மற்றப் போம் முடிந்தது, பதினைந்து மாதம் காத்திருப்பு. பயந்தால் எனக்குத் தவறான பையில்தான் கை போகும். நல்லவேளை, அன்றைக்கு உள்ளே போனது. அண்ணையின் போமை விரித்து மேசையில் வைத்தேன்.

டொக்டர் தனித்தாளைத் திருப்பி இரண்டு தரம் வாசித்தார். இதை எழுதியவர் மருத்துவரா என்று கேட்டார். இல்லை, தபாலதிபர் என்றேன். தன் இளம் டொக்டர்களுக்கு இப்படி எழுதத் தெரியாது என்றார். பிறகு யோகத்தின் பக்கம் திரும்பி, ஓகஸ்டா என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தது. அதற்குப் பின்னால் வேறு எதுவோ இருந்தது.

"சொல்லும், யோகம்," என்றேன். "முழுக்கச் சொல்லும். ஒண்டையும் விடாதையும்."

அவள் டொக்டரை விட்டுவிட்டு என்னிடம், தமிழில் சொன்னாள்.

"அந்தப் போமிலை இல்லாத ஒண்டு இருக்கு. ரெண்டு தரம் அயன் மேசையிலை மயங்கி விழுந்தனான். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு கடையிலை கெஞ்சிக் கேட்டனான். நீங்கள் பயந்திடுவியள் எண்டு."

அதை டொக்டருக்கு நான்தான் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. கடிதத்துக்கெல்லாம் மகளைக் கூப்பிடுகிறவன், அந்த நான்கு வசனங்களை ஒருவரின் உதவியும் இல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசி வசனத்தில் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டேன். டொக்டர் ரெலிபோனை எடுத்தார்.

நான்கு மணிக்கு நான் ஆசுப்பத்திரி நடைவழியில் இருந்தேன். பித்தப்பையில் கல், அது வீங்கிச் சீழ்பிடித்துவிட்டது, இனிப் பொறுக்க ஏலாது, இன்றைக்கே வெட்டவேண்டும் என்று சொல்லி அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். காத்திருக்கும் பட்டியலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பிந்தி வந்ததற்கு ஒரு தாதி என்னைப் பார்த்த பார்வை மட்டும் இருந்தது. சுவர் மணிக்கூட்டில் முள் சத்தமில்லாமல் நான்கைக் கடந்தது. வெளியே இருட்டிவிட்டது. பின்னேர வகுப்புக்கு நின்ற மகளை அவசரத்துக்குக் கூப்பிடப் பள்ளிக்கூட ரெலிபோன் இலக்கத்தைத் தாதி கேட்டபோது, இல்லை இல்லை என்று எழுதிய போமின் பின்பக்கத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.

தர்சி சீருடையோடு ஓடிவந்தாள். என் பக்கத்தில் இருந்து, சின்ன வயதில் கேட்பதுபோல, அம்மா எங்கை என்று தமிழில் கேட்டாள். உள்ளே என்று காட்டினேன். என் தோளில் தலையை வைத்தாள். இடது தோள். குளிருக்கு எப்போதும் நோகிற தோள். நான் அசையவில்லை.

7

மேலே உள்ளதை எழுதி மூன்று கிழமையாகிறது. அதற்குள் இந்த வருசத்து உறையைத் திறந்து, போமை நிரப்பி, நாளுக்கு முன்னதாகவே கொடுத்துவிட்டேன். பரமசிவம் அண்ணையின் கையால், தனித்தாளோடு. வென்டி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கனமாக இருக்கிறதே என்றாள்.

நேற்றுப் பதில் வந்தது. தர்சி வாசித்தாள். எங்களைச் சேர்த்துக்கொள்கிறார்களாம். ஆனால் என் இடது தோளுக்கு அவர்கள் பொறுப்பில்லை. ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தார்கள்: முன்னர் ஏற்பட்ட காயம். குடிவரவுக்காரர் நம்புவதற்கு மூன்று வருசம் எடுத்த தோளை இந்தக் கம்பனி பத்து நாளில் நம்பிவிட்டது. அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசிக்கிறேன்.

யோகத்தைப் பொறுத்தவரை, பித்தப்பையில் வரும் எந்த நோய்க்கும் அவர்கள் ஒரு சதமும் தரமாட்டார்களாம். அந்தப் பித்தப்பை போன வருசம் நவம்பரிலேயே ஆசுப்பத்திரிக் குப்பைக்குப் போய்விட்டது.

யோகம் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது அங்கே தழும்புதான் இருக்கிறது.

"இல்லாததுக்குத்தானே மாட்டம் எண்டினம்," என்றாள். "விடுங்கோ."

நேற்று வெள்ளிக்கிழமை. தட்டில் ஆறு வடை இருந்தது. எனக்கு இரண்டு, அவளுக்கு மூன்று, தர்சிக்கு ஒன்று. பழக்கதோசத்தில் என் கை மூன்றாவது வடைக்குப் போனது. அவள் கடிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது என்ரை."